ஸ்பானரால் திரும்பக் கழற்ற முடிகிற மாற்றங்கள்: ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் வேலைப் பதிவு

ஸ்டாண்டர்டு ஹெரால்டில் வீட்டிலேயே வேலை பார்க்கிறவருக்குக் கிடைக்கிற முதல் வசதி அதன் பானெட். மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். அப்புறம் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். இடுப்பு ஒடியக் குனிய வேண்டியதில்லை. வீட்டுப் பக்கவாட்டில் ஒரு தகர ஷெட், ஒரு ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, ஒரு சின்ன வெல்டிங் மெஷின், இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. இந்த நிலைமைக்கு இதைவிடத் தோதான பழைய கார் இல்லை என்று நினைக்கிறேன்.

இந்த அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட் வந்தபோது மற்ற கம்பெனிகள் சேஸி என்கிற அடிச் சட்டம் இல்லாத ஒற்றை உடல் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அதைச் செய்த ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் கம்பெனிக்கு முழு பாடியையும் அடித்துத் தருகிற பட்டறை கைவிட்டுப் போயிருந்தது. அதனால் தனிச் சேஸி போட்டு, பாடியைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட்டு போட்டு முடுக்குகிற வழிக்குப் போனார்கள். வடிவம் இத்தாலியரான ஜியோவான்னி மிகெலோட்டியுடையது. இப்படித் துண்டுகளாகச் சேர்க்கிற வண்டி வெளிநாட்டு ஆலைகளுக்கும் வசதியாக இருந்தது. 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு ஆலையில் 948 சி.சி. எஞ்சினோடு, ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்ற பெயரில் இது வந்தது. 1970-களின் தொடக்கத்தில் இதுவே முகம் மாறி, பின் ஆக்சில் மாறி, கசெல் என்ற மாடல் ஆனது. என்னிடம் இருப்பது அதற்கு முந்தையது, 1966 மாடல், இரண்டு கதவு. செய்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தாம்பரத்தில் அதற்கு மறுவேலை நடப்பது எனக்கு மனநிறைவான விஷயம்.

வண்டி வந்த அன்றே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நான் செய்கிற எந்த மாற்றத்தையும் ஸ்பானரால் கழற்றி, வேண்டுமென்றால் பழையபடி ஆக்க முடிய வேண்டும். அறுப்பது, வெட்டுவது, அசல் பாகத்தைத் தூக்கிப் போடுவது எதுவும் கிடையாது. பழைய கார்களில் நடக்கிற மாற்றங்களைப் பார்த்துப் பார்த்து வந்த முடிவு இது. டீசல் எஞ்சின் ஏற்றுவதற்காக, எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற நெருப்புச் சுவரை வெட்டிய வண்டிகள், ஏ.சி.க்காக டேஷ்போர்டை அறுத்த வண்டிகள் எத்தனையோ இன்று பட்டறை ஓரங்களில் கிடக்கின்றன. ஏற்றியது தேய்ந்து போனதும் அந்த வண்டிக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஹெரால்ட் பிறந்ததே நட்டு போல்ட்டால். அதை மாற்றுவதும் நட்டு போல்ட்டோடு நிற்க வேண்டும்.

வண்டி முடிச்சூரில் ஒரு வீட்டு ஷெட்டில் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கம் என்ன பாடுபட்டது என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தண்ணீர் வடிந்தாலும் சேஸியின் பெட்டிக் குழல்களுக்குள் போன சேறு அங்கேயே தங்கி, ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரம் இழுத்து, உள்ளிருந்தே அரித்திருக்கிறது. வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. சுத்தியலின் கட்டைப் பக்கத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் கணீரென்றும் செத்த இடத்தில் சொத்தென்றும் கேட்கும். அப்படித் தட்டியே சாக்பீஸால் ஒரு வரைபடம் போட்டேன். நடு முதுகுக் குழல்கள் இரண்டும் உறுதி. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்குகிற கைகள்தான் போயிருந்தன. ஹெரால்டில் எப்போதும் முதலில் போவது அவைதான்.

பாடியை முழுசாகத் தூக்கிவிட்டு சேஸியைத் தனியே எடுத்துச் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று வைத்தேன். ஹெரால்டின் பாடி முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரியும். ஒரு தடவை பிரித்துவிட்டால் கதவு இடைவெளியைத் திரும்பக் கொண்டுவருவது பெரும் பாடு. பாடி அதன் இடத்திலேயே நிற்கட்டும், அதையே அளவுச் சட்டமாக வைத்துக்கொண்டு ஒரு கையை எடுத்து ஒரு கையைப் போடலாம் என்று தீர்மானித்தேன். கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு கட்டி, பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, அப்புறம்தான் வெல்டிங். புதுக் கைகளை 16 கேஜ் கனத் தகட்டில் மடித்தேன். மடிப்பு மெஷின் வைத்திருக்கிற பட்டறையில் அட்டை மாதிரியைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மடித்துத் தருகிறார்கள். தரைக்கு 20 கேஜ் போதும். சேற்றைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சி எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் அடித்து, துத்தநாகப் பிரைமர் பூசி, கடைசியாகக் குழல்களுக்குள் மெழுகு கலந்த எண்ணெயை நீளக் குழாயால் தெளித்தேன். பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் வருகிற ரப்பர் மெத்தைகளைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய டயரை வெட்டி வைத்தால் உயரம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வரும், கதவு சாத்தாது.

அடுத்து முன் சஸ்பென்ஷன். இந்தப் பதிவில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பேன் என்கிற ஹெரால்ட்காரர் யாராவது இருந்தால் இதைப் படிக்கட்டும்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. இதைத்தான் டிரன்னியன் என்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. அதாவது வண்டியின் முன் பாரமும் திருப்பமும் இந்த மரை வழியாகத்தான் போகின்றன. இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் எண்ணெய். ஆனால் நம் ஊரில் நிப்பிளை, அதாவது எண்ணெய் ஏற்றுகிற முனையைக் கண்டால் கிரீஸ் அடிப்பதுதான் வழக்கம். அடித்த கிரீஸ் காய்ந்து கெட்டியாகி எண்ணெய் போகிற வழியை அடைத்துவிடும். அடி ரப்பர் சீல் கிழிந்திருந்தால் தண்ணீர் ஏறும். மரை துருப்பிடித்து இறுகும், ஸ்டீயரிங் கனக்கும். ஆனாலும் கையில் பலம் உள்ளவர்கள் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் தண்டு மரையின் கழுத்தில் ஒடிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, முழுசாகத் திருப்பும்போது நடக்கும் என்பதால் சிலர் தப்பித்திருக்கிறார்கள். அதை நம்பி இருக்க முடியாது.

என் வண்டியில் வலப்பக்கம் பிரித்தபோது உள்ளே இருந்தது கறுத்துப்போன மெழுகு மாதிரி ஒன்று. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் மரையை ஒவ்வொரு சுற்றாகச் சுத்தம் செய்தேன். பிறகு விரிசல் சோதனை. வெல்டிங் சாமான் விற்கிற கடைகளில் சிவப்புச் சாயம், துடைக்கிற திரவம், வெள்ளைப் பொடி என மூன்று ஸ்பிரே டப்பாக்களாகக் கிடைக்கும். சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் இருக்கிற இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஊறி வரும். வலத் தண்டின் கழுத்தில் மெல்லிய கோடு தெரிந்தது. அந்தத் தண்டு இனி எந்த வண்டிக்கும் போகக் கூடாது என்பதால் அதை அறுத்தேன். வெட்டுவதில்லை என்ற விதி வண்டிக்குத்தானே தவிர, ஆளைக் கொல்லக்கூடிய பாகத்துக்கு இல்லை.

புதுத் தண்டுகளும் டிரன்னியன்களும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். அங்கே இன்னும் செய்கிறார்கள். இங்கேயே வெண்கலத்தில் கடைந்து தருகிறோம் என்று லேத்துக்காரர்கள் சொன்னார்கள். எத்தனையோ பாகத்துக்கு அவர்களை நம்புகிறேன். இந்த மரைக்கு மட்டும் அசல் அளவுதான் வேண்டும் என்று நின்றேன். இடப்பக்கத்ததையும் வலப்பக்கத்ததையும் மாற்றிப் போட முடியாது. மாட்டும்போது முழுக்கத் திருகி, பிறகு சக்கரம் இரண்டு பக்கமும் முட்டுகிற வரை திரும்புகிற அளவுக்குப் பின்வாங்க வேண்டும். ஒரு கிரீஸ் கன்னில் எண்ணெய் மட்டும் ஊற்றி, "டிரன்னியனுக்கு மட்டும்" என்று பெயிண்டால் எழுதி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். சேலையூரில் ஹெரால்ட் பார்த்துப் பழகிய ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இதை ஒருத்தனாவது செஞ்சியே தம்பி" என்றார். மழைக்கு முன்னால் ஒரு முறை, மழை முடிந்ததும் ஒரு முறை எண்ணெய் ஏற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

எஞ்சினில் அதிகம் கைவைக்கவில்லை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. இந்த எஞ்சினில் பார்க்க வேண்டியது, பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்கின் முன்பின் ஆட்டம். ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் நகர்ந்தால், பின் பேரிங்கில் இருக்கிற அரைவட்ட வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அவை முழுசாகத் தேய்ந்து கீழே சம்ப் என்கிற எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். எஞ்சினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றி, பின் பேரிங்கின் மூடியை எடுத்துவிட்டு, புது வாஷரை விரலால் தள்ளி ஏற்றலாம். எண்ணெய்க் காடி கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். கொஞ்சக் காசில் ஒரு கிராங்கையும் ஒரு பிளாக்கையும் காப்பாற்றுகிற வேலை இது.

ஹெட்டை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு உள்வாங்காமல் காத்தது. கடினமான சீட்டு வளையங்களைப் பதித்துவிட்டால் அந்தக் கவலை போய்விடும். இது திரும்பக் கழற்ற முடியாத வேலைதான். ஆனால் வண்டி ஓட வேண்டுமானால் இன்றைய பெட்ரோலில்தான் ஓட வேண்டும்.

அதே பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய் இதில் ஊறி உப்பி, உள்பக்கம் தோலுரிந்து, அந்தத் துணுக்கு நேராகக் கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சிறு துளையான ஜெட்டில் போய் உட்காரும். குழாய், பம்ப் டயாஃப்ரம், ஊசி வால்வு எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றினேன். இன்னொன்று, எரிவதற்கு வேண்டிய காற்றின் அளவு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று, எத்தனாலுக்கு 9 பங்கு. ஆக, பழைய ஜெட்டோடு இந்தக் கலவையை ஊற்றினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாது; சூடு ஏறும், இழுவை விட்டு விட்டு வரும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஜெட்டின் எண்ணே அதன் ஓட்டை அளவுதான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. ஒரு படி பெரிய ஜெட் போட்டு, பிளக்கின் நிறம் வெளுப்பிலிருந்து பிஸ்கட் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பழைய ஜெட் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. டேங்குக்குள் சின்ன ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். கை வலித்தது, ஆனால் சுத்தமாக வந்தது.

இனி கரண்டு. நான் அதிகம் மாற்றியது இங்கேதான். வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது; கரண்டு தருவது லூகாஸ் டைனமோ. டைனமோவுக்கு 20 ஆம்பியருக்குச் சற்று மேலே தருவதே உச்சம். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றினால்தான். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டில் சாயங்கால நெரிசலில் ஹெட்லைட், வைப்பர், கூலிங் ஃபேன் மூன்றையும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் பேட்டரி தானாகவே காலியாகும். அதனால் நெகட்டிவ் எர்த்துக்கு மாறி, டைனமோவுக்குப் பதிலாக மாருதி 800-ன் ஆல்டர்னேட்டரைப் போட்டேன். புதுப்பேட்டையில் தாராளமாகக் கிடைக்கிறது, எடையும் குறைவு. டைனமோ உட்கார்ந்திருந்த அதே ஓட்டைகளில் மாட்டும்படி 8 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்தேன். பெல்ட்டின் அகலம்தான் சிக்கல். ஹெரால்டுக்கு அகல வி-பெல்ட், ஆல்டர்னேட்டருக்கு மெல்லிய பள்ளப் புல்லி. அகலப் புல்லி ஒன்றின் நடு ஓட்டையை லேத்தில் கடைந்து ஏற்றி, மூன்று புல்லியும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தேன். கோடு கொஞ்சம் விலகினாலும் பெல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்து கீச்சிடும்.

எர்த் மாற்றுவது பலர் பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. பேட்டரியைத் திருப்பி வைத்து முனைகளை மாற்ற வேண்டும். பிளக்குக்குப் பொறி தருகிற காயிலின் இரண்டு சிறு வயர்களை இடம் மாற்ற வேண்டும். வைப்பர் மோட்டாரும் செல்ஃப் மோட்டாரும் நிலைக் காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் (ஃபீல்டு சுற்று) உள்ளவை என்பதால் திசை மாறாமல் அப்படியே சுற்றும். பெட்ரோல் மீட்டருக்கு எந்தப் பக்கம் எர்த் என்பதில் கவலையே இல்லை. பழைய ரேடியோ ஒன்று இருந்தால் அதை மட்டும் முதலில் பிடுங்கிவிடுங்கள்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் புதிதாகத் தடித்த வயர் இழுத்தேன். பழைய வயர் அந்தக் கரண்டைத் தாங்காது. மெக்கானிக்குகள் கட்-அவுட் என்று சொல்கிற பழைய ரெகுலேட்டர் பெட்டியை அதன் இடத்திலேயே விட்டேன். உள்ளே இருக்கிற சுருள்களைத் தொடவில்லை. வயர்களை மட்டும் பின்னால் மறைவாக வைத்த சிறிய ஃப்யூஸ் பெட்டிக்குத் திருப்பினேன். என் வண்டியில் அசலாக ஃப்யூஸே கிடையாது. ஒரு வயர் உரசினால் முழுக் கட்டும் எரியும் என்பதை நினைத்தாலே தூக்கம் வராது. ஹெட்லைட்டுக்கு ரிலே, டெல்கோ என்கிற டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் பதிலாகக் காந்த சென்சார். டெல்கோ தண்டு தேய்ந்து ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் மாறும். சென்சார் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. பாயிண்டும் கண்டன்சரும் ஒரு ஃபீலர் கேஜோடு டேஷ் பெட்டியில் இருக்கின்றன. வழியில் சென்சார் கைவிட்டால் 0.4 மி.மீ. இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம்.

பிரேக் நான்கும் டிரம். வீல் சிலிண்டர்கள் துருவால் குழிந்திருந்தன. பித்தளை ஸ்லீவ் இறக்கி, புது சீல் போட்டாயிற்று. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கட்டி எறியுங்கள். பெயிண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டி பார்ப்பதில் பொறுமை, நல்ல முகமூடி, மழை இல்லாத வாரம், இவ்வளவுதான்.

என் விதியை நான் மனமறிந்து இன்னொரு முறை தளர்த்தியது சீட் பெல்ட்டுக்கு. தரையில் ஓட்டை போடாமல் பெல்ட் மாட்ட முடியாது. 7/16 அங்குல யு.என்.எஃப். (நுண்மரை) போல்ட்டு, அடியில் 3 மி.மீ. தகடு, அதையும் சேஸிக்குப் பக்கத்தில். வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கிற வண்டிக்கு நாலு ஓட்டை போடலாம். ஹெரால்டின் மரைகள் எல்லாம் அங்குல அளவு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மில்லிமீட்டர் போல்ட்டைக் கட்டாயப்படுத்தித் திருகிக் கெடுத்த ஓட்டைகள் பழைய வண்டிகளில் ஏராளம். பாரிமுனையில் தேடினால் சரியான போல்ட்டு இன்னும் கிடைக்கிறது.

சட்டப் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி, 50 வயது தாண்டி அசல் வடிவத்தில் இருக்கிற வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவு வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டு வரை போய்விட்டு வர வேண்டும் என்பது என் ஆசை. அதனால் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறேன். எண்ணம் மாறினால் விண்டேஜுக்கும் போகலாம்; சேஸி, எஞ்சின் எண்கள், பாடி எல்லாம் அசலாகத்தான் இருக்கின்றன, டைனமோவும் துணியில் சுற்றிப் பரண்மேல் இருக்கிறது.

இனி பாக்கி இருப்பது பின் சஸ்பென்ஷன். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அரை ஆக்சிலில் ஊஞ்சல் போல் ஆடுகிறவை. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கி, வால் வெளியே போகும். பின்னாளில் டிரையம்ஃபின் ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயருக்கு வந்த சுழல் லீஃப் ஸ்பிரிங் இதற்கு நல்ல மருந்து, அதுவும் போல்ட்டால் மாட்டுவதுதான். அது கிடைக்கிற வரை, பழைய வேகன் ஆர் அளவான 145/80 ஆர் 13 ரேடியல் டயரை டியூப்போடு போட்டு, பின் டயரில் முன்னதைவிட நாலு பவுண்டு காற்று கூடுதலாக வைத்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஷாக் அப்சார்பர் இரண்டும் போன வாரம் மாற்றியாயிற்று. ஸ்பிரிங் தகடுகளைப் பிரித்துச் சுத்தம் செய்வது அடுத்த வேலை.